கருகாத சரிவு

புல்லுக்கு நெருப்பு வைத்தால்தான் காடு பிழைக்கும் என்று என் மச்சான் சொன்னபோது நானும் சிரித்திருக்கிறேன். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. காக்கிச் சட்டையும் ஒரு தடியும் கொடுத்து, 'தீக்காவலர்' என்று அட்டையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஊரறிய நெருப்பு வைக்கிறவன் வீட்டில் பெண் எடுத்தவன் நான். சம்பந்தம் என்றால் இப்படியல்லவா அமைய வேண்டும்.

எங்கள் மலைக்கு இரண்டு முகம். கடலைப் பார்த்த முகத்தில் ஆறு மாதம் மழை கொட்டும். தேயிலை, அட்டைப்பூச்சி, பாசி, காயவே காயாத துணி. மறுமுகத்தில் மழை எட்டிப் பார்ப்பதோடு சரி. முள்ளும் பாறையும் வெயிலும்தான். இரண்டுக்கும் நடுவே மலையின் முதுகு முழுக்க, மரமில்லாத புல்வெளி. முதல் தடவை வருகிறவர்கள் யாரோ காட்டை மொட்டையடித்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். யாரும் அடிக்கவில்லை, அது என்றைக்கும் புல்தான். முதுகின் மடிப்புகளில், தண்ணீர் கசிகிற இடங்களில் மட்டும், குட்டை மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் சோலைகள் உண்டு. உள்ளே பட்டப்பகலில் இருட்டாக இருக்கும், காலடி இலை எப்போதும் நனைந்தே கிடக்கும். புல் மழையை வாங்கி வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகச் சோலைக்கு விடும். சோலை ஓடைக்கு விடும். இரண்டு பக்கத்து ஆறுகளும் அங்கேதான் பிறக்கின்றன.

மனிதர்களும் அப்படித்தான், அடுக்கடுக்காக. முதுகில் மாடு மேய்க்கும் மேல்மலைக்காரர்கள். எப்போது வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மழைச் சரிவில் எஸ்டேட் ஜனங்கள், தேயிலை நடுவதற்காக மூன்று தலைமுறைக்கு முன் கூட்டிவரப்பட்டவர்கள். மேல்மலைக்காரர்கள் எங்களை 'வந்து குந்தினவங்க' என்பார்கள். நாங்கள் அவர்களைப் 'புகை குடிக்கிறவங்க' என்போம். கீழேயிருந்து வரும் அதிகாரிக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லாரும் 'மலை ஆளுங்க'.

நான் எஸ்டேட் பிள்ளை, என் மனைவி மேல்மலைக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருடம் இரண்டு வீட்டிலும் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான்தான் நடையாய் நடந்தேன். இங்கே போய் 'அவங்க உங்களை விசாரிச்சாங்க' என்பேன். அங்கே போய் 'இவங்க உங்களை நினைச்சு அழுறாங்க' என்பேன். யாரும் விசாரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கடைசியில் இரண்டு வீடும் பேசிக்கொண்டது. "பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுற விலாங்குங்க நீங்க" என்று மனைவி கிண்டல் செய்வாள். அந்தப் பட்டம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மச்சானை எல்லாரும் 'தீப்பெட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட ஐந்து வயது மூத்தவன், பேச்சு குறைவு. பனி கொட்டும் மாதங்களில், பொழுது விடிந்து புல் நுனி சொட்டிக்கொண்டிருக்கும்போது, சரிவின் உச்சியில் போய் நெருப்பு வைப்பான். காலையில் காற்று முதுகிலிருந்து கீழே இறங்கும். பதினோரு மணிக்கு மேல் அது திரும்பிக் கீழிருந்து ஏறத் தொடங்கும். அதற்குள் வேலை முடிய வேண்டும். மேலே வைத்த நெருப்பு ஈரப்புல்லில் நொண்டி நொண்டிக் கீழே இறங்கி, சோலை ஓரத்து ஈரத்தில் தானே அணையும். மச்சான் ஒரு பச்சைக் கிளையை வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே மாடு ஓட்டுகிறவன் மாதிரி நடப்பான். ஒரு வருடம் ஒரு சரிவு, மறு வருடம் அடுத்த சரிவு. அடுத்தடுத்து மஞ்சளும் கருப்புமாக மலை கட்டம் கட்டியிருக்கும்.

எதற்கு இது என்றால், கோடையில் எங்கிருந்தாவது பெரிய தீ வந்தே தீரும். வந்தால் எரிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றுமிருக்காது. மேல்மலைப் பிள்ளைகள் நடக்கக் கற்றதும் அடுத்துக் கற்றுக்கொள்வது ஒன்றுதான். தீயைப் பார்த்தால் கருப்புக்கு ஓடு. இந்த வருடம் கருப்பு எது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

எங்கள் துறைக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் பிடிக்காது. அந்தக் காலத்து அதிகாரி யாரோ புல்வெளியைப் பார்த்து, சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்துவிட்டார். வெளிநாட்டு ஊசியிலை மரங்களைக் கொண்டுவந்து சரிவு சரிவாக நட்டார்கள். இரண்டு ஓடை வற்றியது. மரத்தடியில் காய்ந்த ஊசி முழங்கால் உயரம் சேர்ந்தது, எண்ணெய்ப் பசையோடு. புல்லுக்கு நெருப்பு வைத்தால் வழக்கு என்று சட்டமும் வந்தது. ஆனாலும் பழைய ரேஞ்சர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். நானும் பதிமூன்று வருடம் காலையில் தாமதமாக எழுந்து காட்டிலாகாவுக்குத் தொண்டு செய்தேன்.

போன வருடம் புது ரேஞ்சர் வந்தார். கெட்டவர் இல்லை. வேலை செய்கிற ஆள், அதுதான் தொல்லை. அலுவலகச் சுவரில் பழைய வரைபடத்தை எடுத்துவிட்டு, நாங்கள் ஆளுக்கொன்றாகக் காவல் காக்கும் எல்லைகளை, எங்கள் பீட்டுகளை, தனித்தனி நிறத்தில் போட்ட புதிதை மாட்டினார். மேலே எங்கேயோ சுற்றுகிற செயற்கைக்கோள், தீ தெரிந்தால் அவருடைய செல்போனுக்குச் செய்தி அனுப்பும். திரையில் சிவப்பாக ஒரு புள்ளி விழும். ஒரு பருவம் முழுக்கப் புள்ளி விழாத ரேஞ்சுக்குப் பாராட்டு உண்டாம்.

என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பதினான்கு வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"உங்க ஃபைல் மேல போயிருக்கு. நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதியிருக்கேன்" என்றார்.

"நல்லதுங்க சார்."

"உங்க மச்சான் விஷயமும் எனக்குத் தெரியும். இந்த வருஷம் உங்க பீட்ல ஒரு புள்ளி விழுந்துச்சுன்னா அந்த ஃபைலை நானே திரும்ப வாங்க வேண்டியிருக்கும். புரியுதா?"

புரிந்தது. நிரந்தரம் என்றால் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, உள்ளேயே தண்ணீர்க் குழாய். என் மனைவி தினமும் நாலு தடவை குடத்தோடு மேடேறுகிறவள். அவளுக்காகத்தான் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான்.

பனி தொடங்கிய மூன்றாம் வாரம், காலை ஆறரைக்கு, பாறைச் சரிவில் மெல்லிய புகை தெரிந்தது. கொழுக்குமொழுக்கென்று ஒரு பெரிய பாறை தோள் மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கும், அதற்கு அந்தப் பக்கம் இறங்குகிற சரிவு அது. அந்த வருடம் அதன் முறை. இரண்டு வருடப் புல், நெஞ்சு உயரம். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஒரு பாய் விரிக்கிற அளவு இடம்தான் எரிந்திருந்தது. பேசாமல் அவன் கையிலிருந்த கிளையைப் பிடுங்கி அடித்தேன், பூட்ஸால் மிதித்தேன். ஈரப்புல், உடனே அடங்கிவிட்டது. மச்சான் தடுக்கவில்லை. பாறைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, புதுசா?" என்றான்.

புள்ளியைப் பற்றியும் ஃபைலைப் பற்றியும் சொன்னேன். மூச்சு வாங்கியது. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினான்.

"அப்ப புடிச்சுக்கிட்டுப் போ. கேஸ் போடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"கேஸ் போட்டா உன் தங்கச்சி என்னை வீட்டுக்குள்ள விடுவாளா? போ மச்சான். நானும் பாக்கல, நீயும் வைக்கல."

"இந்தச் சரிவு நிக்குதே."

"நிக்கட்டும். ஒரு வருஷத்துல என்ன ஆயிடப்போகுது?"

அவன் புல்லைப் பார்த்தான். "ஆவுறது ஆவட்டும். ஆனா எரியலன்னு ஊருக்குத் தெரியணும் மாப்ள. எல்லாரும் இதைக் கருப்புன்னு நினைச்சுட்டிருப்பாங்க."

"ஊர்ல சொன்னா ஏன் எரியலன்னு கேப்பாங்க. உன் பேரும் வரும், என் பேரும் வரும், ரேஞ்சர் காதுக்குப் போகும். முதல்ல வீட்ல நான் பக்குவமாச் சொல்றேன். அவ சொன்னா ஊரே கேக்கும். நீ வாயைத் திறக்காதே."

"நீ சொல்லிடுவ இல்ல?"

"சொல்றேன்."

நான் வழக்குப் போட்டிருந்தால் அன்று மாலைக்குள் மேல்மலை முழுக்கச் செய்தி பரவியிருக்கும். தீப்பெட்டியைப் பிடித்துவிட்டார்கள், பாறைச் சரிவு எரியவில்லை என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். என்னைக் காறித் துப்பியிருப்பார்கள். துப்பினால் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி அடுப்பைப் பார்த்தபடியே, "சட்டையில புகை வாடை. அண்ணன் பாறைச் சரிவை முடிச்சுட்டானா?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன்.

இந்த 'ம்' ஏன் என்று பிறகு ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். அப்போது சொன்னால் சண்டை. சண்டையோடு விடுகிறவளும் இல்லை, மறுநாள் காலை தானே போய் நெருப்பு வைத்துவிட்டு வந்து சோறு வடிப்பாள். புள்ளி விழும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். அப்புறம் பனி நின்றது, புல் காய்ந்தது, இனி நெருப்பு வைக்கவும் முடியாது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. சொல்லாமலிருக்கக் காரணம் தேடுகிறவனுக்குப் பஞ்சமே வராது.

வெயில் ஏறிய மாதத்தில் துறை, தீத்தடுப்புக் கோடு செதுக்க மேல்மலைப் பெண்களைக் கூலிக்கு எடுத்தது. முகட்டை ஒட்டி மூன்று ஆள் அகலத்துக்குப் புல்லைக் கொத்தி மண்ணை வெளுக்க வைக்கிற வேலை. பதினோரு பேர். என் மனைவிதான் அவர்களுக்குத் தலைவி. ஆள் பட்டியலில் அவள் பெயரை எழுதியதே நான்தான். பாறைக்கு இந்தப் பக்கம் வேலை நடக்கிறது என்றும் எனக்குத் தெரியும்.

அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். மாத அறிக்கை எழுதும் நாள். 'தீச் சம்பவங்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தபோது ரேஞ்சரின் செல்போன் ஒலித்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினார். என் பீட்டின் அடி ஓரத்தில், ஊசியிலைத் தோப்பும் சாலையும் சேரும் இடத்தில், ஒரு புள்ளி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேலே இரண்டாவது புள்ளியும் விழுந்தது. மணி பதினொன்று நாற்பது. காற்று திரும்பிவிட்டிருந்தது.

யார் போட்ட நெருப்பு என்று இன்றுவரை தெரியாது. சாலையில் போன எவனோ பீடியை வீசியிருக்கலாம். அதுவா முக்கியம். ஜீப்பில் போகும்போது ரேஞ்சர் வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டே வந்தார். நான் கடவுளையெல்லாம் கூப்பிடவில்லை. பாறைக்கு இந்தப் பக்கமே இரு, இந்தப் பக்கமே இரு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

நடந்ததைப் பிறகு சொன்னவள், தப்பித்தவர்களில் ஒருத்தி. உருவம் சிறியது என்பதால் அவளைக் 'குருவி' என்பார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் கட்டோடு, அழாமல் சொன்னாள்.

"கீழ தோப்புல சத்தம் கேட்டுச்சு அண்ணே. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் மரத்து உச்சியே எரிஞ்சுது. பொறி பறந்து எங்க முன்னாடியே விழுது. நாங்க கொத்தி வெச்ச கோட்டை அது தாண்டிக் குதிச்சிடுச்சு. அக்கா கொஞ்சம்கூடப் பதறல. 'பாறைக்கு அந்தப் பக்கம் கருப்பு, எல்லாரும் வாங்க'ன்னு சொல்லிட்டு முன்னாடி ஓடினாங்க. நாங்களும் தைரியமாத்தான் ஓடினோம். சிரிச்சுக்கிட்டுக்கூட ஓடினோம் அண்ணே. பாறையைச் சுத்தி வந்து பாத்தா..."

அவளால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. பாறையைச் சுற்றி வந்து பார்த்தால் நெஞ்சு உயரத்துக்கு மஞ்சள் புல்.

முந்நூறு அடி கீழே சோலை இருந்தது. ஏழு பேர் அந்தப் புல்லுக்குள் விழுந்து புரண்டு ஓடிச் சோலைக்குள் போய்விட்டார்கள். மூன்று பேரால் முடியவில்லை. என் மனைவி சோலை ஓரம்வரை வந்தவள், விழுந்து கிடந்த ஒருத்தியைத் தூக்கத் திரும்பி மேலே போயிருக்கிறாள்.

கீழே ஊரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில் தீக்காய வார்டு. ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். மருந்து வாசனையையும் மீறி இன்னொரு வாசனை இருந்தது. உடம்பில் துணி படாமலிருக்கக் கட்டிலுக்கு மேல் கம்பியை வளைத்துக் கூடாரம் மாதிரி போர்த்தியிருந்தார்கள். முகம் மட்டும் வெளியே. முகத்துக்கு அதிகம் ஒன்றும் ஆகவில்லை, புருவம்தான் இல்லை. அவ்வளவு காயத்துக்கும் அவளுக்கு அறிவு தெளிவாக இருந்தது. முதல் சில நாள் அப்படித்தான் பேசுவார்கள், அதை வைத்து நம்பிக்கை வைக்காதீர்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அவள் முதலில் மற்றவர்களைக் கேட்டாள். மூன்று பேர் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"அவன் எரிக்கலங்க" என்றாள் பிறகு. "பயந்துட்டான். புது ரேஞ்சருக்குப் பயந்து வைக்காம விட்டுட்டு, உங்ககிட்ட முடிச்சாச்சுன்னு சொல்லியிருக்கான். நான் நம்பி மூணு பேரைக் கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கூடாரத் துணியைச் சரிசெய்தேன்.

"அவனை உள்ள விடாதீங்க. அவன் மூஞ்சியில முழிச்சுட்டு நான் சாகக் கூடாது" என்றாள். நர்ஸிடமும் அதையே சொல்லிவைத்தாள்.

மச்சான் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தான். மலையிலிருந்து வந்த உறவுக்காரர்கள் அவனைத் தாண்டித்தான் மாடிக்குப் போனார்கள். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. இறந்துபோன ஒருத்தியின் புருஷன் அவன் காலடியில் துப்பிவிட்டுப் போனதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். எனக்குச் சேர வேண்டிய எச்சில் அது. மச்சான் காலை நகர்த்திக்கொண்டான், அவ்வளவுதான்.

நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லலையா மாப்ள?" என்றான்.

"சொல்லல."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீ ஏன் மச்சான் இவங்ககிட்ட சொல்லாம இருக்க? இப்பவே சொல்லு. நானும் கூட நின்னு ஆமாங்கிறேன்."

"சொன்னா உன்னை உயிரோட விடுவாங்களா? அவ பொழைச்சு எந்திரிச்சா அவளைப் பாத்துக்க யாரு இருக்கா? ஊர் கிடக்கட்டும். அவகிட்ட மட்டும் சொல்லிடு. எனக்கு அவளைப் பாக்கணும்."

"நீ இப்பவே வா, ரெண்டு பேருமாச் சேர்ந்து சொல்லுவோம்."

"அவ கூப்பிடாம வர மாட்டேன்" என்றான்.

மூன்றாம் நாள் ரேஞ்சர் வந்தார். பாவம், அவருக்கும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்பது தெரிந்தது. வார்டு வாசலில் நின்று என் தோளில் கை வைத்தார். விசாரணை வரும் என்றும், அந்தச் சரிவில் இந்த வருடம் யாராவது நெருப்பு வைத்தார்களா என்று கேட்பார்கள் என்றும் சொன்னார். "உங்க ரிஜிஸ்டர்ல ஒண்ணும் இல்ல. அப்படியே சொல்லிடுங்க. ஃபைல் கையெழுத்தாயிடுச்சு" என்றார். நான் தலையாட்டினேன். என் தலை யார் எதைச் சொன்னாலும் ஆடும்.

நான்காம் நாள் பகல் அவளுக்கு மூச்சு மாறத் தொடங்கியது. கட்டு மாற்றிவிட்டுப் போன நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"உங்க அண்ணன் வெச்சான். நான்தான் அணைச்சேன்" என்றேன்.

அவள் கண்ணைத் திருப்பினாள்.

"அன்னிக்குக் காலையில பாறைச் சரிவுல அவன் வெச்சுட்டான். நான் ஓடிப்போய் மிதிச்சு அணைச்சேன். ஊர்ல சொல்லாதேன்னு நான்தான் அவன் வாயை அடைச்சேன். உன்கிட்ட நானே சொல்றேன்னு சொன்னேன். நீ கேட்டப்ப 'ம்'னு பொய் சொன்னேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, உதடு வெடித்திருந்ததால் பாதியில் நின்றுபோன ஒரு சிரிப்பு.

"அவன் கீழ நிக்கிறானா?"

"நிக்கிறான்."

"இதை அவன் சொல்லிக் கொடுத்தானா, நீங்களே யோசிச்சீங்களா?"

"சத்தியமாச் சொல்றேன். நம்ம கல்யாணத்து மேல சத்தியம்."

"எங்க அம்மா என்னைக் கேட்டாங்கன்னு ரெண்டு வருஷம் சத்தியம் பண்ணீங்க" என்றாள். மூச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "அவங்க கேக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும். கேக்க நல்லா இருந்துச்சு, அதனால நம்பினேன். அண்ணனையும் தங்கச்சியையும் சேத்து வெச்சு அனுப்பணும்னு பாக்குறீங்க. அதுக்குப் பழியை உங்க தலையில தூக்கி வெச்சுக்கிறீங்க. உங்க புத்தி எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா. நிஜமாவே..."

"நீங்க அணைச்சிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பீங்களா? பாறைக்கு இந்தப் பக்கம் நான் வேலை பாக்குறேன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்திருப்பீங்களா?"

நான் கூடாரத்தின் வளைந்த கம்பியைப் பார்த்தேன்.

"இருக்க மாட்டீங்க" என்று அவளே சொன்னாள். "அவ்வளவு கெட்டவரு இல்ல நீங்க." கம்பிக் கூடாரத்துக்கு வெளியே தெரிந்த இரண்டு விரலை மட்டும் லேசாக அசைத்தாள். தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் என் விரலை அதன் பக்கத்தில், மெத்தைமேல் வைத்துக்கொண்டேன்.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆறுதலாக இருந்தது. அவள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே போகப்போகிறாள் என்பதில் ஒரு ஆறுதல். கீழே ஒருவன் நாலு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பது தெரிந்தும் அந்த ஆறுதல் வந்தது. இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம், நர்ஸைச் சமாளித்து மச்சானை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கலாம். நான் அவளுக்கு ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கீழே இறங்கினேன். மச்சான் எழுந்து நின்றான்.

"சொன்னியா?"

"சொன்னேன் மச்சான். நம்ப மாட்டேங்கிறா."

அவன் என் முகத்தையே பார்த்தான். கோபமில்லை. சரிவில் எந்த இடத்தில் ஈரம், எந்த இடத்தில் காய்ந்திருக்கிறது என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. நான் எல்லாவற்றையும் அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். கேட்டுக்கொண்டான். தலையை ஆட்டினான்.

"சரி மாப்ள" என்றான். "நாளைக்குச் சொல்லு."

"சொல்லிட்டேன்னு சொல்றேன்ல."

"சரி. நாளைக்காவது சொல்லிடு" என்று சொல்லிவிட்டு மறுபடி தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். ஏழே காலுக்கு எல்லாம் முடிந்தது. அண்ணனைப் பற்றி அவள் பிறகு பேசவில்லை. டாக்டர் வந்து நேரத்தை எழுதினார். நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிப்படி இறங்கினேன். மச்சான் எதிர்ப்பக்கக் கடையிலிருந்து எனக்காக டீ வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டம்ளர் அவன் கையில் ஆடவே இல்லை.

"கடைசி வரைக்கும் சொல்லலையா மாப்ள?"

நான் சொன்னதை அவள் கேட்டாள், கேட்டும் நம்பாமல் உன்னை வேண்டாம் என்றாள் என்று மறுபடி சொல்லலாம். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவன் மிச்ச நாளையும் ஓட்ட வேண்டியிருக்கும்.

"இல்ல மச்சான். சொல்லல" என்றேன்.

அதை அவன் உடனே நம்பினான். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, தங்கச்சியைப் பார்க்க மாடியேறிப் போனான்.